உப்பு மூட்டையும் தண்டாயுதபாணியும்: செட்டிநாட்டு வணிகத்தில் கோயில் செய்த வேலை

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்லப்படும் கதை பெரும்பாலும் பர்மாத் தேக்கில் தொடங்குகிறது. ஆங்கிலேயர் பர்மாவைப் பிடித்தார்கள், நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) ரங்கூனுக்குக் கப்பலேறினார்கள், வட்டிக்கு விட்டுப் பணம் சேர்த்தார்கள், ஊரில் வீடு கட்டினார்கள், மிஞ்சியதைக் கோயிலுக்குக் கொடுத்தார்கள் என்று அது போகும். இந்தக் கதையில் கோயில் கடைசியில் வருகிறது, சம்பாதித்த பிறகு செய்யும் தருமமாக.

நகரத்தார் சமூகத்திடம் இருக்கும் பழைய ஏடுகள் வேறு வரிசை சொல்கின்றன. பர்மாவுக்கு இவர்கள் கப்பலேறுவதற்கு இருநூறு ஆண்டு முன்பே, கோயிலையும் கொள்முதலையும் சேர்த்துக் கட்டிய ஓர் ஏற்பாடு உருவாகிவிட்டது. அது உருவான இடம் துறைமுகம்கூட இல்லை, பழனி மலையடிவாரம். அங்கே விற்ற சரக்கு உப்பு. உலக வரலாற்றில் 16, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வணிகமும் சமயமும் ஒன்றையொன்று எப்படி மாற்றின என்று பேசும்போது லிஸ்பன், ஆம்ஸ்டர்டாம், மலாக்கா என்று பெயர்கள் வரும். அந்தப் பட்டியலில் நேமம் என்ற செட்டிநாட்டுச் சின்னஞ்சிறு ஊருக்கும் இடம் உண்டு என்பது என் வாதம்.

நாட்டை முதலில் பார்த்துவிடலாம். வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல் என்று எல்லை சொல்வார்கள். செம்மண்ணும் செம்பாறாங்கல்லும் கலந்த வறண்ட பூமி. வற்றாத ஆறு கிடையாது. மழையை நம்பிய கண்மாய்களும் ஊருணிகளும்தான். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து பாண்டிய நாட்டுக்கு வந்தோம், இளையாற்றங்குடியில் முதலில் குடியேறினோம் என்பது நகரத்தார் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வரலாறு. அதை மரபுவழிச் செய்தியாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்த மண், உழுது பிழைக்க இடம்தராத மண் என்பது இன்றும் கண்ணால் பார்க்கக்கூடியது. ஒருபக்கம் உப்பு விளையும் கடற்கரை. மறுபக்கம் உப்பே இல்லாத உள்நாடு. நடுவில் இவர்கள்.

பழனி ஏடுகள் என்று அழைக்கப்படும் ஆவணங்கள் 17ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கின்றன. நேமத்தைச் சேர்ந்த குமரப்பன் என்ற செட்டியார் உப்புப் பொதியோடு பழனிக்குப் போகிறார். அங்கே யாருக்கும் அவரைத் தெரியாது. விற்ற உப்பில் ஒரு பங்கைப் பழனியாண்டவருக்கு மகமையாக ஒதுக்குகிறார். வியாபாரம் பெருகுகிறது. அடுத்து வரும் செட்டியார்களும் அதேபோல மகமை வைக்கிறார்கள். அந்தப் பணத்தில் பூசை நடக்கிறது, அடியார்களுக்குச் சோறு போடப்படுகிறது, தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் போகும் நடைப்பயணம் நிலைபெறுகிறது. இன்றும் தை மாதத்தில் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கின்றன. தார்ச்சாலையில் அவர்களைக் கடந்துபோகும் பேருந்துப் பயணிகள் பார்ப்பது பக்தியை. பக்திதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தடம் முதலில் போடப்பட்டது உப்பு சுமந்தவர்களின் காலடியால்.

மகமை என்ற ஏற்பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உண்டியலில் போடும் காணிக்கை அவரவர் விருப்பம். மகமை அப்படிப்பட்டதில்லை. இத்தனைக்கு இத்தனை என்று விகிதம் நிர்ணயித்து, விலையோடு சேர்த்து, கணக்கில் எழுதி வைப்பது. எல்லா வியாபாரியும் ஒரே விகிதத்தில் வைப்பதால் எவருக்கும் விலைப்போட்டியில் நட்டமில்லை. சேர்ந்த தொகை சாமியின் பெயரில் நிற்கிறது. திருவிழா வரும்வரை அது சும்மா கிடக்க வேண்டியதில்லை. வியாபாரியிடமே வட்டிக்கு இருக்கலாம். ஆக, சாமிக்குப் பங்கு வைத்த செட்டியாரிடம் சாமியின் முதலும் வந்து சேர்கிறது.

இன்னொரு பலன் பணத்தைவிடப் பெரியது. முன்பின் தெரியாத ஊரில் சரக்கைக் கடனுக்குக் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் பெயர் வேண்டும். அந்தக் காலத்தில் பெயரை உண்டாக்கித் தந்த இடம் கோயில்தான். கட்டளை வைத்தவனுக்கு, அதாவது பூசைச் செலவை ஏற்றவனுக்கு, திருவிழாவில் மரியாதை உண்டு. மாலையும் திருநீறும் யாருக்கு முதலில் போகின்றன என்பதை ஊரே பார்க்கிறது, பாளையக்காரர் பார்க்கிறார், சுங்கம் வசூலிப்பவர் பார்க்கிறார். வழிப்பறிக்கு அஞ்ச வேண்டிய பாதையில் தனி வியாபாரியாகப் போவது ஒன்று, காவடிக் கூட்டத்தோடு போவது வேறொன்று. நாயக்கர் ஆட்சியிலும் அதன் பிறகும் தமிழ்நாட்டு உள்நாட்டுப் பாதைகளில் இந்த மரியாதை, நடைமுறையில் ஒரு பாதுகாப்புச் சீட்டின் வேலையைச் செய்தது என்றே நினைக்கிறேன்.

இந்தப் பழக்கம் திடீரென முளைத்ததும் அல்ல. செட்டிநாட்டின் மேற்கெல்லையான பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரும் வணிகக் குழு, பல பட்டினங்களைச் சேர்ந்த வணிகரோடு கூடி, தங்கள் சரக்குகளின் மேல் ஒரு தொகையைக் கோயிலுக்கென்று விதித்துக்கொண்ட செய்தி அதில் இருக்கிறது. உப்பு, நெல், மிளகு, பாக்கு, பஞ்சு, நூல், புடவை, இரும்பு, சந்தனம், அகில், கற்பூரம், யானை, குதிரை என்று அந்தச் சரக்குப் பட்டியல் நீளும். நேமத்துக்காரர் பழனியில் செய்ததற்கு அந்த மண்ணிலேயே முன்மாதிரி இருந்தது. ஆனால் ஐந்நூற்றுவர் போன்ற குழுக்கள் பல சாதிகளையும் பல மொழிகளையும் ஒன்றாகக் கட்டியவை. அவை 14ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு மெல்ல மறைந்துவிட்டன. 17ஆம் நூற்றாண்டில் அதே மகமையை எடுத்தாண்டவர்கள், மண உறவால் கட்டப்பட்ட ஒரே சமூகத்தார். பரந்த குழு போய், நெருங்கிய குழு வந்தது. செட்டிநாட்டு வரலாற்றின் பலமும் பலவீனமும் இந்த மாற்றத்திலேயே இருக்கின்றன.

அதே நூற்றாண்டுகளில் கிழக்கே கடற்கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்க்காமல் இதன் அருமை விளங்காது. ஒரே கடல், ஒரே தமிழ், ஆனால் மதத்தையும் வணிகத்தையும் சேர்த்துக் கட்டுவதில் நாலு விதமான விடைகள்.

முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1530களில் முஸ்லிம் வணிகரோடு கடும் மோதலில் இருந்தார்கள். கொச்சிக்குத் தூது போய்ப் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் கரையோர ஊர்கள் முழுதாகத் திருமுழுக்குப் பெற்றன. பிரான்சிஸ் சேவியர் 1542-இல் வந்தபோது ஏற்கெனவே கிறிஸ்தவராகிவிட்ட மக்களைத்தான் சந்தித்தார். மதமாற்றம் இங்கே கப்பற்படையோடு செய்துகொண்ட உடன்படிக்கை. ஆனால் உடன்படிக்கையாகத் தொடங்கியது உயிரோடு கலந்துவிட்டது. 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்துச் தங்கள் புராட்டஸ்டண்டுச் சீர்திருத்தச் சபைக்கு இழுத்துப் பார்த்தார்கள். பரதவர் கத்தோலிக்கத்தை விடவில்லை. பாதுகாப்புத் தந்த போர்த்துகல் போனபின்பும் மாதா இருந்தாள். பின்னாளில் பனிமய மாதாவுக்குத் தங்கத் தேர் ஓடியது. தேர் என்ற வடிவம் எந்தக் கோயில் வீதியிலிருந்து வந்தது என்று தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை.

தமிழ் முஸ்லிம் கடல்வணிகரான மரைக்காயர்களுக்கு இஸ்லாம் ஏற்கெனவே கடல்வழி உறவு. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் முதல் அச்சே, மலாக்கா வரை ஒரே கிப்லாவை (மக்காவின் திசையை) நோக்கித் தொழும் வணிகர் வலை. இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி காலத்தில் கீழக்கரைச் செய்கு அப்துல் காதிறு மரைக்காயர், நாம் சீதக்காதி என்று அறிந்தவர், மன்னருக்கு நெருங்கிய பெருவணிகர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர். அரபுக் கதையைத் தமிழ்க் காப்பிய மரபில் பாட வைத்தது கீழக்கரையின் கப்பல் பணம். அதே சேதுபதி ஆட்சியில்தான் 1693-இல் திருவாடானைப் பக்கத்து ஓரியூரில் யேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ கொல்லப்பட்டார். சேதுபதி குடும்பத்தோடு உறவுடைய தடியத்தேவர் கிறிஸ்தவராகிப் பல மனைவியரில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியதே அதற்கு உடனடிக் காரணம். கைவிடப்பட்டவர்களில் ஒருத்தி அரச குடும்பத்துப் பெண். மதம் என்பது அப்போது மனத்துக்குள் நடக்கும் காரியம் மட்டுமாக இருக்கவில்லை. திருமண உறவு, வாரிசு, கூட்டணி எல்லாவற்றையும் அது தொட்டது.

மூன்றாவது விடை மலாக்காவில். அங்கே சுல்தான்கள் காலத்திலேயே தமிழ் இந்து வணிகர்கள் பெரும்புள்ளிகளாக இருந்தார்கள். 1511-இல் நகரைப் பிடித்த போர்த்துகீசியர், தங்களுக்கு உதவிய நீனா சட்டு என்று அவர்கள் எழுதிவைத்த தமிழ் வணிகரைப் பெண்டகாரா என்ற உயர் பதவியில் அமர்த்தினார்கள். 1514-இல் அந்தப் பதவி வேறொருவருக்குப் போனபோது, அவமானம் பொறுக்காமல் தீமூட்டி அதில் இறங்கி உயிர்விட்டார். அவரைப் போன்றவர்களின் வழித்தோன்றல்கள்தான் இன்றைய மலாக்காச் செட்டிகள். உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினார்கள். பேச்சு மலாய் ஆயிற்று, உடை மலாய் ஆயிற்று, சாப்பாட்டில் பாதி மலாய் ஆயிற்று. சைவ சமயம் மட்டும் மாறவில்லை. டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அவர்களுடையதுதான். பெயரில் செட்டி இருப்பதால் பலர் இவர்களை நகரத்தாரோடு குழப்புகிறார்கள். இரண்டு சமூகமும் வேறு, இரண்டு காலமும் வேறு.

நான்காவது விடைதான் செட்டிநாடு. பரதவரைப் போல வந்த வல்லரசின் மதத்தை ஏற்கவில்லை. மலாக்காச் செட்டிகளைப் போலப் போன இடத்தில் குடும்பம் வைக்கவில்லை. மரைக்காயருக்கு வாய்த்ததுபோல இவர்களுக்குக் கடலுக்கப்பால் தயாராக ஒரு சமய உலகம் காத்திருக்கவும் இல்லை. ஆகவே அந்த உலகத்தைக் கூடவே எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. கோயில் ஊரில் நிற்கும், அதன் நகல் கூடப் போகும்.

இந்தக் காலத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் நம் கரையோரத்தில் நின்றுகொண்டுதான் இருந்தன. 1620-இல் தரங்கம்பாடியில் டேனியர், 1639-இல் சென்னையில் ஆங்கிலேயர், 1658-இல் நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர், 1674-இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். அவர்களுக்கு வேண்டியது துணி, மிளகு, முத்து, சங்கு. உப்பையும் நெல்லையும் மாட்டின் முதுகில் ஏற்றி உள்நாட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவதில் அவர்களுக்கு அக்கறை இல்லை. அந்த இடைவெளியில்தான் செட்டிநாட்டுக்காரர்கள் வளர்ந்தார்கள்.

இனி அந்த அமைப்பின் உள்பக்கம். நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள்: இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோயில், இரணிக்கோயில், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. ஒவ்வொரு குடும்பமும் இவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. கல்யாணம் ஆகும்போது கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். வந்தால்தான் அந்த மணமக்கள் ஒரு புள்ளி, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பம். புள்ளிக்கு வரி உண்டு, கோயில் காரியத்தில் குரலும் உண்டு. பிள்ளையில்லாதவர்கள் பிள்ளை கூட்டுவதும் அதே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டிலிருந்துதான். உபதேசம் வாங்குவதற்கு மடங்கள் உண்டு: ஆண்களுக்குப் பாதரக்குடி, பெண்களுக்குத் துலாவூர்.

ஒரு கடன் கொடுப்பவரின் கண்ணால் இதைப் பாருங்கள். கடன் கேட்டு வருபவன் எந்தக் கோயில், எந்த வீடு, அவன் தகப்பன் யார், மாமனார் யார், அவன் புள்ளி கணக்கில் இருக்கிறதா என்று எல்லாமே ஒரு விசாரிப்பில் தெரிந்துவிடும். ஏமாற்றினால் நீதிமன்றம் தேவையில்லை. பெயர் கெட்டுப்போனவன் வீட்டில் பெண் எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் ஆள் வராது. கடன் பத்திரத்தில் எழுதாத ஈடு இதுதான். ஈரானின் ஷா அப்பாஸ் 1604-05-இல் ஜூல்ஃபாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இசுபகான் அருகே குடியமர்த்திய ஆர்மீனியர்கள், மணிலா முதல் ஆம்ஸ்டர்டாம் வரை வணிகம் செய்ததும் இதேபோல் தேவாலயத்தாலும் குடும்ப உறவாலும் கட்டிய நம்பிக்கையால்தான். சென்னையில் சைதாப்பேட்டை ஆற்றின் மேல் 1726-இல் பாலம் கட்டியவர் அந்தச் சமூகத்து வணிகர் ஒருவரே. வங்கியும் நிறுவனச் சட்டமும் இல்லாத உலகத்தில், தொலைதூர வணிகத்துக்குச் சமயச் சமூகம்தான் நிறுவனமாக இருந்தது. செட்டிநாடு அதில் விதிவிலக்கு இல்லை. மிக நேர்த்தியான ஓர் எடுத்துக்காட்டு.

18ஆம் நூற்றாண்டில் உப்புக்காரர்கள் நெல்லுக்கும் துணிக்கும் கடனுக்கும் விரிந்தார்கள். மருது சகோதரர்கள் 1801-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டு, சிவகங்கைச் சீமை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குள் போனது. 1796 முதல் இலங்கையின் கரையோரமும் ஆங்கிலேயர் வசம். 1786-இல் பினாங்கு, 1819-இல் சிங்கப்பூர், 1826-இல் பர்மாவின் மோல்மேன், 1852-இல் ரங்கூன் என்று அவர்கள் கொடி ஏறிய இடமெல்லாம் செட்டியார்கள் பின்தொடர்ந்தார்கள். கொண்டுவிற்கப் போவது என்று அதற்குப் பெயர்.

போன இடமெல்லாம் எழுந்த கோயில் யாருக்கு? கொழும்பில் கதிரேசன் என்ற பெயரில் முருகன். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சைகோனிலும் தண்டாயுதபாணி. சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1859-இல். தண்டாயுதபாணி பழனி மலையில் கோவணத்தோடும் கோலோடும் நிற்கும் அதே சாமி. உப்பு விற்ற காலத்தில் மகமை வாங்கியவர். தென்கிழக்காசியா முழுதும் நகரத்தாருக்கு அவர்தான் துணை என்பதை வெறும் பக்திப் பெருக்கென்று விட்டுவிட முடியாது. முதல் கூட்டாளி அவர். மனைவி மக்களை ஊரில் விட்டு, மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறிய ஆண்களுக்கு எல்லாம் துறந்து நிற்கும் முருகன் நெருக்கமாகப் பட்டிருப்பார் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

(மரைக்காயர்கள் இதில் முந்திக்கொண்டவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாகூர் ஆண்டவர் தர்காவின் நகல் பினாங்கில் 1800-ஐ ஒட்டியும் சிங்கப்பூரில் 1830-ஐ ஒட்டியும் எழுந்துவிட்டது. ஊர்ச் சாமியைக் கூட அழைத்துச் செல்லும் பழக்கம் மதம் கடந்த தமிழ்க் கடலோடிப் பழக்கம்.)

சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் ரங்கூனின் மொகல் தெருவிலும் செட்டியார்கள் இருந்த இடத்தின் பெயர் கிட்டங்கி. நீளமான கூடம். ஒவ்வொரு விலாசத்துக்கும் (வணிக நிறுவனத்துக்கும்) ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். பகலில் கடை, இரவில் படுக்கை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாள் ஆகி, கெட்டிக்காரனாக இருந்தால் மேலாள் ஆவான். பேரேட்டைத் திறந்தால் பிள்ளையார் சுழியும் சிவமயமும். உள்ளே சாமிக்கும் ஒரு பற்று வரவு. கடன் கொடுக்கல் வாங்கலுக்கு மகமை பிடித்தம் உண்டு. கோயிலில் கூடி நடப்பு வட்டி பேசி முடிப்பார்கள். தகராறு வந்தால் அங்கேயே பஞ்சாயத்து. கோயில் பணம் விலாசங்களிடம் வட்டிக்குப் போய்த் திருவிழாவுக்குத் திரும்பி வரும். பழனியில் உப்போடு தொடங்கிய முறை, அளவில் மட்டும் பெருத்து, இரண்டு நூற்றாண்டு கழித்துக் கடல் கடந்து நடந்தது.

பண்பாட்டு மாற்றம் பற்றிப் பேசும்போது இந்த முறையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். செட்டிநாடு வெளியுலகிலிருந்து ஏராளமாக வாங்கிக்கொண்டது. ஆனால் எதை வேண்டுமானாலும் உள்ளே விட்டுவிடவில்லை.

சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். செட்டிநாட்டுக் குழம்பு என்றதும் நினைவுக்கு வரும் காரம், 16ஆம் நூற்றாண்டுக்கு முன் இந்த நாட்டிலேயே கிடையாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியக் கப்பல்களோடு வந்தது. அதற்கு முன் காரம் என்றால் மிளகுதான். இன்று இராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடே உண்டு. மழை குறைந்த நம் கரிசலில் அந்தப் பயிர் அப்படி வேரூன்றிவிட்டது. கல்யாண வீட்டில் தேங்காயும் சர்க்கரையும் சேர்த்துப் பரிமாறும் கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது. அன்னாசிப்பூ சீன, வியட்நாம் பக்கத்துச் சரக்கு. இவை ஒன்றும் எதிர்ப்புச் சந்திக்கவில்லை. அடுப்படி எல்லாவற்றையும் தன்வசமாக்கிக்கொண்டது. மூன்று தலைமுறைக்குள் அது நம்ம ஊர் ருசி.

வீடும் அப்படித்தான். இன்று நாம் பார்க்கும் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் 1930கள் வரை கட்டியவை. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிப் பூக்கல். முகப்பில் கஜலட்சுமிக்குப் பக்கத்தில் தொப்பி வைத்த துரை நிற்பார். ஆனால் முகப்பைத் தாண்டி, பட்டாலை என்ற கூடத்தைத் தாண்டி, வளவு என்ற உள்முற்றப் பகுதிக்குள் போனால் பழைய சட்டம்தான். வளவைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. ஒரே கூரை, ஆனால் கல்யாணமானதும் புள்ளிக்குத் தனி உலை, தனிக் கணக்கு. படைப்பன்று மூதாதையருக்குச் சேலை வைத்துக் கும்பிடுவதற்குப் பங்காளிகள் எல்லோரும் வந்து சேரும் வீடு அது. கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற திருமணப் பத்திரம் எழுதும் வழக்கம், கழுத்துரு என்ற மணத்தாலி, ஆச்சிமார் (நகரத்தார் பெண்கள்) பனையோலையில் முடையும் கொட்டான் கூடை, எதையும் ரங்கூன் தொடவில்லை.

கடல் நேராகச் சடங்குக்குள் வந்த ஓர் இடம் உண்டு: பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் நாளில், 21 இழை கொண்ட திரியை மாவில் வைத்து ஏற்றி அந்தச் சுடரோடு எடுத்து விழுங்கும் நோன்பு. கடலில் புயலில் மாட்டிக்கொண்ட முன்னோர், வேட்டியிலிருந்து நாளுக்கொரு நூல் எடுத்து நாளெண்ணினார்கள், கரையேறியதும் பிள்ளையாருக்குப் படைத்தார்கள் என்று காரணம் சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைவிட, ஒரு சமூகம் தன் கடல் அச்சத்தை இப்படிப் பாதுகாத்து வைத்திருக்கிறதே என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டு மூத்தவர் கையால் இழை வாங்கும் அந்த ஒரு மாலைக்காக இன்று துபாயிலும் அமெரிக்காவிலும் குடும்பங்கள் கூடுகின்றன.

இவ்வளவும் சொல்லிவிட்டு விலையைச் சொல்லாமல் விட்டால் அது முழு உண்மை ஆகாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் கணவன் என்றால், குடும்பம் நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். வரவு செலவு, சீர் முறை, பிள்ளை வளர்ப்பு, முதியோர் பாடு எல்லாம் அவர்கள் தலையில். சீராக வந்த பணத்தை வட்டிக்கு விட்டுப் பெருக்கிய கெட்டிக்காரிகள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். ஆனாலும் மோல்மேனுக்கோ மலாயாவுக்கோ போகலாமா என்று அந்தத் தலைமுறைகளில் அவர்களைக் கேட்ட பழக்கம் இல்லை. கோயில் மாலையால் கட்டிய ஒழுங்கு வணிகத்துக்கு எவ்வளவு உதவியதோ, அவ்வளவுக்கு அந்தப் பெண்களின் இளமையை எடுத்துக்கொண்டது.

கடன் வாங்கியவன் பக்கமும் உண்டு. மகமை விகிதம் விலையிலும் வட்டியிலும் ஏறித்தான் வந்தது. சாமிக்குப் போன பங்கைக் கடைசியில் கொடுத்தவன் ஐராவதி முகத்துவாரத்துப் பர்மிய விவசாயி. 1929-க்குப் பிந்தைய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப வழியில்லாமல் நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார் கையில் இருந்த நிலம் 6 விழுக்காடு, 1937-இல் 25 விழுக்காடு. நிலம் வேண்டும் என்று செட்டியார்கள் போகவில்லை, அவர்களுக்கு வேண்டியது ரொக்கம் என்பது உண்மைதான். ஆனால் தன் வயலில் குத்தகைக்காரனாகிவிட்டவனுக்கு அந்த விளக்கம் ஆறுதல் தராது. நெருங்கிய குழு தனக்குள் நம்பிக்கையைக் கட்டிக்கொண்ட அளவுக்கு வெளியே உள்ளவரோடு கட்டவில்லை. மலாக்காச் செட்டிகள் மண்ணோடு கலந்தார்கள். அவர்களை வெளியேறு என்று யாரும் சொல்லவில்லை. ரங்கூன் செட்டியாருக்கு அந்த உறவு இல்லை. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது ஆயிரக்கணக்கான தமிழர்களோடு அவர்களும் ஓடிவர வேண்டியிருந்தது. 1948-இல் சுதந்திரப் பர்மா நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது.

பேரேடுகள் மூடப்பட்டன. கோயில் ஒழுங்கு மட்டும் மூடப்படவில்லை. இன்றும் ஒன்பது கோயிலிலும் புள்ளிக் கணக்கு எடுக்கிறார்கள், கல்யாணத்துக்கு மாலை வருகிறது. கடன் கொடுக்க வங்கி கோயில் பெயரைக் கேட்பதில்லை, ஆக அந்தக் கணக்கின் வணிகப் பயன் போய்ப் பல காலம் ஆகிறது. சமூகத்துக்கு வெளியே மணம் செய்துகொண்ட பிள்ளைகளைப் புள்ளியாகச் சேர்க்கலாமா என்ற பேச்சு இப்போது வீடுகளில் நடக்கிறது. அந்த விதி எந்தக் காலத்தில், எந்தத் தேவைக்காக, எந்தப் பாதையில் உண்டானது என்பது தெரிந்தவர்களே அந்தப் பேச்சை முன்னெடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்குப் பழனி ஏடுகள் நல்ல பதிப்பாக, விளக்கக் குறிப்புகளோடு, செட்டிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் எடுத்துப் படிக்கும் விலையில் கிடைக்க வேண்டும்.